ஆராய்ச்சியின் முதற் கேள்வி யாருடையது?

விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரையில் உள்ள மரக்காணத்தில், தை, மாசி மாதங்களில் உப்பளங்களைச் சீர்செய்து, பாத்திகளை மிதித்துக் கெட்டிப்படுத்தி, உவர்நீரைப் பாய்ச்சுகிறார்கள். ஐப்பசி மழை வந்து தடுக்கும் வரையில் உற்பத்தி நடைபெறுகிறது. எந்தப் பாத்தியில் நீர் பதம் கண்டிருக்கிறது, எந்த நாளில் உப்பை வாரலாம் என்பதை அங்கே பல்லாண்டுகள் உழைத்தவர் பார்த்த மாத்திரத்திலேயே கூறிவிடுவார். உப்பைப்பற்றி ஆராய வரும் நிபுணர் ஒருவர் இவர்களை ஒரு வார்த்தையும் கேளாமல், தாமே ஒரு கேள்வியை வகுத்துக்கொண்டு, அதற்குத் தாமே விடை கண்டு திரும்புவாராயின், அவ்விடை கணக்கில் சரியாக இருக்கலாம். உப்பளத்திற்குப் பயன்படுமா என்பது வேறு விஷயம்.

மண்ணுக்கும் நீருக்கும் பொருந்துகின்ற இவ்வுண்மை மனிதரின் நோய்க்கும் பொருந்தும். மனநோயைப்பற்றிய ஆராய்ச்சிகள் பல நாடுகளில் நடைபெறுகின்றன; நம் மாநிலத்திலும் நடைபெறுகின்றன. அவற்றுள் எந்தக் கேள்வியை முதலில் ஆராய வேண்டும் என்று தீர்மானிக்கும்போது, நோயுற்றவருக்கும் அவரை வீட்டில் வைத்துப் பேணுபவருக்கும் இடம் உண்டா? இடம் இல்லையெனில் அதனால் விளையும் நஷ்டம் யாது? பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் இதில் செய்யக்கூடியது என்ன? இவற்றை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்வோம்.

நமக்கு இதில் என்ன தொடர்பு?

மனநோய் பட்டணத்து வியாதி என்று கருதுவோர் இன்னும் உளர். அது உண்மையன்று. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல நிலையம் 2015-16ஆம் ஆண்டுகளில், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. வயது வந்தோரில் ஏறத்தாழ 10 பேருக்கு ஒருவர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாற்றினால் அவதியுறுகிறார் என்று அது தெரிவித்தது. மதுப் பழக்கத்தால் விளையும் கோளாறும் இக்கணக்கில் அடங்கும். நோயின் வகைக்கேற்ப, 100க்கு 70 முதல் 92 பேர் வரை உரிய சிகிச்சை இன்றி இருக்கின்றனர் என்பதும் அதனால் வெளியாயிற்று. இந்த விகிதத்தை ஒரு பஞ்சாயத்துக்குப் பொருத்திப் பார்த்தால், 2,000 பெரியவர்கள் வாழும் இடத்தில் சுமார் 200 பேருக்கு ஏதேனும் ஓர் உதவி தேவைப்படும். அவர்களுள் கடும் நோயுற்றோர் சிலரே ஆயினும், அச்சிலரின் பாரத்தை முழுவதும் தாங்குவது குடும்பமே.

இந்நிலையில் ஆராய்ச்சி எதற்கு, மருந்தும் டாக்டரும் கிடைத்தால் போதாதா என்று கேட்கலாம். மருந்தும் டாக்டரும் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்த மருந்து எவருக்கு ஏற்றது, அதனால் வரும் தொல்லை யாது, நோயிலிருந்து மீண்டவர் மீண்டும் தொழிலுக்குச் செல்ல என்ன உதவி தேவை, தொலைவில் உள்ள கிராமத்திற்குச் சிகிச்சையை எவ்வாறு கொண்டு சேர்ப்பது என்பவற்றை ஆராய்ச்சியாலேயே அறிய முடியும். ஆராய்ச்சிக்கு ஒதுக்கப்படும் பணமும் காலமும் அளவுள்ளவை. ஒரு கேள்விக்கு அவற்றைச் செலவிட்டால் மற்றொரு கேள்வி காத்திருக்க வேண்டும். வயலுக்கு வரும் வாய்க்கால் நீரை எந்த மடைக்கு முதலில் திருப்புவது என்பதைப் போன்ற தீர்மானம் இது. மடை திறக்கும் இடத்தில் கடைமடைக்காரருக்கும் ஒரு சொல் இருக்க வேண்டும் என்பதை விவசாயிகளுக்கு நாம் எடுத்துக்கூற வேண்டியதில்லை.

கேளாததால் விளைந்த குறை

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து ஆராய்ச்சியாளர் சிலர் 2000ஆம் ஆண்டில் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்டது முழங்கால் மூட்டு வாதம். அந்நோய் குறித்து நடந்த ஆராய்ச்சிகளை ஒருபுறமும், நோயாளிகள் அறிய விரும்புவனவற்றை மறுபுறமும் வைத்துப் பார்த்தனர். ஆராய்ச்சிகளுள் பெரும்பாலானவை மருந்தையும் அறுவைச் சிகிச்சையையும் பற்றியவை. நோயாளிகளோ, நோயுடன் வாழும் முறைபற்றிய அறிவுரையும் பயிற்சியும் வேண்டும் என்று கருதினர். ஆராய்ந்தவர் விரும்பியதும் அனுபவித்தவர் விரும்பியதும் ஒன்றாக இல்லை.

மனநோய்த் துறையிலும் இக்குறை உண்டு. உலகின் மனநலத்துக்கு முதன்மையாக ஆராய வேண்டியவை எவை என்று 2011ஆம் ஆண்டில் ஒரு பெரிய பட்டியல் வெளியாயிற்று. 60க்கு மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த 422 பேர் அதனைத் தயாரிப்பதில் பங்கு பெற்றனர். ஆராய்ச்சியாளர், மருத்துவர், திட்டங்களை நடத்துவோர், நோயுற்றோரின் நலனுக்காக வாதிடுவோர் ஆகியோர் அக்குழுவில் இருந்தனர். பட்டியல் பயனுள்ளதே. ஆயினும் கடலோரத்துக் குடிசையில், இரவில் உறங்காமல் நோயுற்ற மகனைக் காத்திருக்கும் தாய்க்கு அத்தகைய பேரவைகளில் இடம் கிடைப்பது அரிது.

இக்குறையைப் போக்க இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டில் ஒரு முயற்சி தொடங்கப்பட்டது. அதற்கு ஜேம்ஸ் லிண்ட் கூட்டணி என்று பெயர். ஜேம்ஸ் லிண்ட் என்பவர் 18ஆம் நூற்றாண்டுக் கப்பற்படை மருத்துவர். கப்பலோட்டிகளைக் கொன்றுவந்த ஈறு நோய்க்கு வெவ்வேறு பண்டங்களை 1747ஆம் ஆண்டில் சோதித்துப் பார்த்து, ஆரஞ்சும் எலுமிச்சையும் மிகுந்த பயன் தருவதைக் கண்டவர். அவர் பெயரால் அமைந்த இக்கூட்டணியின் முறை எளியது. நோயாளிகள், பேணுவோர், மருத்துவம் செய்வோர் ஆகிய மூவகையினரிடமும், விடை தெரியாமல் தங்களை வருத்தும் கேள்விகளைக் கேட்டுத் திரட்டுகிறார்கள். முன்பே விடை கண்டவற்றை நீக்குகிறார்கள். எஞ்சியவற்றை மூவகையினரும் சரிசமமாக அமர்ந்து விவாதித்து, 10 கேள்விகளை முதன்மையானவை என்று தேர்ந்தெடுக்கிறார்கள்.

மனச்சிதைவு நோயைப்பற்றி இம்முறையில் தேர்ந்த பட்டியல் 2011ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மருந்துக்கு வசப்படாத நோயை எவ்வாறு குணப்படுத்துவது என்பது அதில் முதற் கேள்வி. நோய் திரும்ப வருவதன் ஆரம்ப அறிகுறிகளை இனங்காண என்ன பயிற்சி வேண்டும் என்பது அடுத்தது. மருந்தினால் உடல் பருப்பதைக் குறைப்பது எங்ஙனம், மருந்து இல்லறத்திற்கு விளைவிக்கும் இடையூற்றை நீக்குவது எங்ஙனம், துணையோடு வேலை வாய்ப்பளிப்பதால் நோயுற்றவருக்கு என்ன நன்மை என்பனவும் அப்பட்டியலில் இடம்பெற்றன. மருந்தை உண்பவரும் அவரோடு வாழ்பவரும் இல்லாத சபையில் இவற்றுள் சில கேள்விகள் எழுந்திருக்குமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டு அனுபவம்

இவ்வழி நமக்குப் புதிதன்று. குடும்பத்தாரைச் சிகிச்சையில் பங்காளிகளாகக் கொள்வதில் நம் நாடு முன்னோடியாகவே இருந்திருக்கிறது. 1950க்குப் பிந்திய ஆண்டுகளில் அமிருதசரசு மனநோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யாசாகர் என்பவர், வளாகத்தில் கூடாரங்கள் அமைத்து, நோயாளிகளுடன் அவர்களுடைய உறவினரையும் தங்கச் செய்தார். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையம் 1957ஆம் ஆண்டில் தொடங்கியது. அங்கும் நோயாளியுடன் குடும்பத்தார் தங்குவது வழக்கமாயிற்று. உறவினரை வாயிலுக்கு வெளியே நிறுத்தாமல், உள்ளே அழைத்து உடன் இருத்தியது பெரும் மாறுதலாகும்.

சிகிச்சையில் அளித்த இடத்தை ஆராய்ச்சியிலும் அளிக்கத் தொடங்கியதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. டாக்டர் சாரதா மேனன் 1984ஆம் ஆண்டில் நிறுவிய மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிலையத்தை ஸ்கார்ஃப் என்ற சுருக்கப் பெயரால் பலரும் அறிவர். நோயாளியைப் பேணுவதால் குடும்பத்தின்மேல் விழும் சுமையை அளப்பதற்கு அந்நிலையத்தார் ஓர் அளவுகோலை ஆக்கி, 1998ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதில் 40 வினாக்கள் உண்டு. அயல் நாட்டு வினாக்களைப் பெயர்த்து வைத்துக்கொள்ளாமல், பேணுவோருடன் உரையாடி, அவர்கள் எதனைச் சுமையென்று கூறுகிறார்களோ அதிலிருந்து இவ்வளவுகோலை உருவாக்கினர். மரக்காலின் அளவு சரியாக இருந்தாலன்றோ நெல்லின் கணக்குச் சரியாக வரும்?

மணவாழ்வு முறிந்த, மனச்சிதைவு நோயுள்ள பெண்களின் நிலையையும் அதே நிலையத்தார் ஆராய்ந்து, 2003ஆம் ஆண்டில் இரு பகுதிகளாக வெளியிட்டனர். முதற் பகுதி அப்பெண்களின் நோக்கு. இரண்டாம் பகுதி குடும்பத்தாரின் நோக்கு. இருவரையும் தனித்தனியே கேட்டதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டிய பாடம்.

அடுத்து, தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்துச் சதாரா ஆகிய மூன்று இடங்களில், உள்ளூரில் பயிற்சி பெற்ற சமூக ஊழியர்கள் வீடு தேடிச் சென்று, மனச்சிதைவு நோயுற்றோருக்கு உதவும் ஒரு முறை சோதிக்கப்பட்டது. இந்த ஊழியர்கள் டாக்டர்கள் அல்லர். சோதனைக்கு அடிப்படையாக, குணமடைதல் என்று எதனைக் கருதுகிறீர்கள் என்று நோயுற்றோரையும் பேணுவோரையும் வினவினர். 2012ஆம் ஆண்டில் வெளியான அவ்விடைகளில், நோயின் அறிகுறிகள் அடங்க வேண்டும் என்பதோடு, வேலை, கல்வி, பிறருடன் பழகுதல், குடும்பக் கடமைகளை நிறைவேற்றுதல், தன் காரியத்தைத் தானே செய்துகொள்ளுதல், மருந்தின் தொல்லை குறைதல் ஆகியவையும் இருந்தன. டாக்டர் பார்வையில் குரல் கேட்பது நின்றால் குணம். தாயின் பார்வையில் மகன் கூலியோடு வீடு திரும்பினால் குணம். இரண்டும் உண்மையே, ஒன்றை மட்டும் அளப்பது பாதிக் கணக்கு.

சோதனையின் முடிவு 2014ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 282 நோயாளிகள் இதில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 187 பேருக்கு ஆஸ்பத்திரிச் சிகிச்சையோடு சமூக ஊழியரின் உதவியும் கிடைத்தது. 95 பேருக்கு ஆஸ்பத்திரிச் சிகிச்சை மட்டும் கிடைத்தது. ஊழியரின் உதவி பெற்றோர் 12 மாதங்களில் ஓரளவு கூடுதலான நன்மை அடைந்தனர். அந்நன்மை சிறப்பாகத் தென்பட்டது தமிழ்நாட்டுக் கிராமப் பகுதியிலேயே. டாக்டர்கள் அருகில் இல்லாத இடத்தில்தான் இத்தகைய உதவி மிகவும் பயன்படும் என்பதற்கு இது ஒரு குறிப்பாகும்.

சட்டம் என்ன கூறுகிறது?

2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் சிக்கிக்கொண்டனர். 28 பேர் உயிரிழந்தனர். அவர்களைக் குடும்பத்தார் அங்கே ஏன் கொண்டு விட்டனர், வீட்டில் வைத்திருக்க எது தடையாக இருந்தது, எந்த உதவி கிடைத்திருந்தால் விட்டிருக்க மாட்டார்கள் என்பவை முன்னரே ஆராயப்பட்டிருக்க வேண்டிய கேள்விகள். விடை அறிந்தவர்கள் அக்குடும்பத்தாரே.

2017ஆம் ஆண்டில் நிறைவேறி, 2018ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியைச் சங்கிலியால் பிணிப்பதைத் தடை செய்கிறது. அதனோடு நில்லாமல், மாநில மனநல ஆணையத்தில், மனநோயுள்ளவர் அல்லது முன்னர் மனநோயுற்றிருந்தவர்களின் பிரதிநிதிகள் இருவரும், பேணுவோரின் பிரதிநிதிகள் இருவரும் அங்கம் வகிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. நோயுற்றவரை ஆராய்ச்சியில் சேர்ப்பதற்கு, அவர் விஷயத்தை அறிந்து, தாமாகவே மனமொப்ப வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி. மேலும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒழுக்க நெறிமுறைகளின்படி, ஆராய்ச்சிகளை அனுமதிக்கும் ஒழுக்கக் குழுவில் மருத்துவம் சாராத பொதுமக்களுள் ஒருவரும் இருத்தல் வேண்டும். ஆகவே சாமானியருக்கு இத்துறையில் இடம் அளிப்பது எவரும் இடும் பிச்சையன்று; சட்டமும் நெறியும் ஏற்றுக்கொண்ட உரிமை.

உப்பளக் கரையில் எழும் கேள்விகள்

இனி மரக்காணத்திற்குத் திரும்புவோம். அங்கே ஓர் உப்பளத் தொழிலாளர் குடும்பத்தை மனத்தில் கற்பனை செய்து பார்ப்போம். மூத்த மகனுக்கு மனச்சிதைவு நோய். மாத்திரை உண்பதால் குரல்கள் அடங்கியிருக்கின்றன. ஆனால் விடியுமுன் எழுந்து உப்பளத்திற்குப் போக முடியாதபடி உறக்கம் அழுத்துகிறது. போனால் வெயில் தாங்கவில்லை. போகாவிட்டால் கூலி இல்லை. மாத்திரையை இரவில் எப்பொழுது உண்டால் காலை உறக்கம் குறையும்? வெயிலில் வேலை செய்பவர் இதனை உண்ணலாமா? இவை அவனுடைய கேள்விகள்.

இவை அற்பக் கேள்விகள் அல்ல. மனநோய்க்குத் தரும் மருந்துகளுள் சில, உடல் தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும் ஆற்றலைக் குறைக்கக்கூடியவை. இருதுருவ மனநோய்க்குத் தரப்படும் லித்தியம் என்ற மருந்தோ, வியர்வையால் உடலில் நீரும் உப்பும் குறையும்போது இரத்தத்தில் அளவு மிகுந்து நஞ்சாகவும் கூடும். ஊரெல்லாம் உப்பு விளைவிப்பவருடைய உடலில் உப்புக் குறைந்து, அதனால் மருந்தே தீங்காக மாறும் நிலை இது. இங்கு ஓர் எச்சரிக்கை கூறுவது நம் கடமை. இதனைப் படித்துவிட்டு எவரும் மருந்தைத் தாமே நிறுத்தலாகாது. நிறுத்தினால் நோய் மீண்டும் மூளலாம். வெயிலில் வேலை செய்வதை டாக்டரிடம் கூறி, அவர் சொற்படி நடக்க வேண்டும். ஆயினும், உப்பளத்திலும் செங்கற் சூளையிலும் வயலிலும் உழைப்பவருக்கு மருந்தின் அளவையும் வேளையையும் எவ்வாறு அமைப்பது என்பது குளிர்ந்த அறையில் அமர்ந்து எண்ணுபவருக்கு எளிதில் தோன்றாத கேள்வி.

தாயைக் கேட்டால் வேறு கேள்விகள் பிறக்கும். அவளும் கூலிக்குச் சென்றால் மகனுக்கு அருகில் யார் இருப்பது? மருந்து வாங்க நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் இருவரின் ஒருநாள் கூலி போகிறது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை சென்றால் போதுமா? நான் கண்மூடிய பிறகு இவனை யார் பார்ப்பார்?

காலத்தையும் இடத்தையும் ஒட்டிய கேள்விகளும் உண்டு. மழைக்காலத்தில் உப்பளம் மூடப்படுவதால் அம்மாதங்களில் வருமானம் இல்லை. அக்காலத்துக்கென உப்பளத் தொழிலாளருக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தை 2022ஆம் ஆண்டில் மாநில அரசாங்கம் தொடங்கியது. வேலையற்ற மாதங்களில் மனச்சோர்வும் மதுவும் மிகுகின்றனவா, கையில் வந்து சேரும் உதவித் தொகை அவற்றைத் தணிக்கிறதா என்பது ஆராயத் தக்கது. இக்கரை 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையைக் கண்டது. 2011இல் தானே, 2020இல் நிவர், 2024இல் ஃபெஞ்சல் ஆகிய புயல்களையும் கண்டது. புயல் நாட்களில் மருந்து தடைப்படாமல் கிடைக்க என்ன ஏற்பாடு செய்யலாம் என்பதும் இவ்விடத்தார் எழுப்பக்கூடிய கேள்வியே.

இவ்வாறு நாம் எழுதியவை எடுத்துக்காட்டுகளே. மரக்காணத்தார் உண்மையில் எதனை முதலாவதாக வைப்பார்கள் என்பதை அவர்களைக் கேட்டே அறிய வேண்டும். அவர்களுக்காக நாமே பட்டியல் இட்டுவிட்டால், எதனைக் குறையென்று கூறினோமோ அக்குறையை நாமே செய்தவராவோம்.

இரு ஐயங்கள்

மனம் கலங்கியவர் கூறுவதை எவ்வாறு கொள்வது என்பது முதல் ஐயம். மனநோய் என்பது எந்நாளும் ஒரே நிலையில் இருப்பதன்று. நோய் மிகுந்த நாளில் ஒருவரால் பேச இயலாமற் போகலாம். அது தணிந்த நாளில் தம் அனுபவத்தை அவரே தெளிவாக எடுத்துரைப்பார். காய்ச்சல் கண்டவர் பிதற்றினார் என்பதற்காக, குணமான பின்னரும் அவர் சொல்லைத் தள்ளுவார் உளரோ?

பேணுபவரைக் கேட்டால் போதாதா என்பது இரண்டாவது ஐயம். போதாது. இருவர் விருப்பமும் எப்போதும் ஒன்றாக இராது. மகன் மருந்தைத் தவறாமல் உண்ண வேண்டும் என்பது தாயின் கவலை. கூலியைத் தன் கையில் தர வேண்டும், தன்னைச் சிறுபிள்ளைபோல் நடத்தலாகாது என்பது மகனின் விருப்பமாக இருக்கலாம். இருவரையும் ஒரே இடத்தில் வைத்துக் கேட்டால் குரல் ஓங்கியவர் சொல்லே ஏட்டில் ஏறும். ஆகவே தனித்தனியே கேட்டு, பின்னர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். கருத்து வேறுபட்டால் அதனையும் மறையாமல் எழுதுதல் வேண்டும்.

பஞ்சாயத்து செய்ய வேண்டியவை

முதலாவதாக, கேட்பதற்குரிய இடத்தையும் வேளையையும் அமைத்தல். உப்பளம் நடக்கும் மாதங்களில் பகலில் கூட்டம் வைத்தால் கூலியை இழப்பவர் வரமாட்டார். மாலையிலோ, மழைக்கால ஓய்விலோ வைக்கலாம். பகலில்தான் வைக்க வேண்டுமெனில், அன்றைய கூலியை ஆராய்ச்சி நடத்துவோர் ஈடுசெய்ய வேண்டும். பெண்களைப் பெண் ஊழியர் தனியே கேட்பது நலம்.

இரண்டாவதாக, இரகசியம் காத்தல். யார் வீட்டில் நோய் இருக்கிறது என்பதைக் கிராம சபையில் பெயர் கூறி வெளியிடுவது பெருந்தீங்கு. ஒரு பெண்ணின் திருமணமும் ஓர் இளைஞனின் வேலையும் அதனால் கெடும். கிராம சபையில் பொதுவான கேள்விகளை மட்டும் விவாதிக்கலாம். பெயரும் வீடும் அங்கே வரலாகாது.

மூன்றாவதாக, கேள்விகளைத் திரட்டி அனுப்புதல். கிராமச் சுகாதாரச் செவிலியர், மகளிர் சுய உதவிக் குழுவினர், ஆசிரியர் ஆகியோர் துணையுடன், மக்கள் கூறியதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுத வேண்டும். அவற்றுள் முன்பே விடை உள்ளவற்றுக்கு மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் உடனே பதில் கூறிவிடலாம்; அதுவே ஓர் உதவியாகும். விடை இல்லாதவற்றுள் எது முதன்மையானது என்பதை, நோயுற்றோரும் பேணுவோரும் ஒப்பும் முறையில் வரிசைப்படுத்தி, மருத்துவக் கல்லூரிகளுக்கும் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் அனுப்பலாம்.

நான்காவதாக, ஆராய வருவோரிடம் சில கேள்விகளைக் கேட்டல். இந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுத்தவர் யார்? நோயுற்றோரையும் பேணுவோரையும் கலந்தீர்களா? ஒழுக்கக் குழுவின் அனுமதி உள்ளதா? முடிவை எப்பொழுது, எளிய தமிழில், இவ்வூரில் வந்து கூறுவீர்கள்? ஆராய்ச்சி முடிந்த பின் சிகிச்சை தொடர்ந்து கிடைக்குமா? இவற்றுக்கு நேரிய விடை தருபவரை நாம் மனமுவந்து வரவேற்போம். ஒன்றை மட்டும் மறத்தலாகாது. பஞ்சாயத்துத் தலைவர் சம்மதித்தார் என்பதால் நோயாளி சம்மதித்தார் என்று ஆகாது. ஒவ்வொருவருடைய ஒப்புதலும் தனித்தனியே வேண்டும். வேண்டாம் என்று கூறுபவரின் சிகிச்சைக்கு யாதொரு குறையும் நேரலாகாது.

ஐந்தாவதாக, அளவு மீறிய நம்பிக்கையைத் தராதிருத்தல். இன்று எழுப்பிய கேள்விக்கு விடை வரச் சில ஆண்டுகள் ஆகலாம், வராமலும் போகலாம். இதனை முன்னரே தெளிவாகக் கூறிவிட வேண்டும். அதுவரை, கிடைக்கின்ற உதவியைப் பெறச் செய்தல் நம் கடமை. டெலி மானஸ் என்ற அரசாங்கத் தொலைபேசி உதவி 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் முதல் நடைபெறுகிறது. 14416 என்ற எண்ணைக் கட்டணமின்றி அழைத்து, தமிழிலேயே பேசலாம். இவ்வெண்ணைப் பஞ்சாயத்து அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் எழுதி வைப்பதற்கு ஆகும் செலவு ஒரு டப்பா வர்ணம்தான்.

முடிவாக ஒன்று கூறுவோம். நம் கிராமங்களுக்குக் கேள்வித்தாளுடன் பலர் வருகிறார்கள். நம் மக்களும் பொறுமையாக விடை கூறி அனுப்புகிறார்கள். விடை கூறுவதோடு நம் பங்கு முடிந்துவிட்டது என்று இருத்தல் இனிப் போதாது. கேள்வியையும் நாமே எழுப்ப வேண்டும். அடுத்த முறை கேள்வித்தாளுடன் ஒருவர் நம் ஊருக்கு வரும்போது, அவருக்கு நாற்காலி இட்டு, தண்ணீர் தந்து, அந்தத் தாயையும் மகனையும் அருகில் அமரச் செய்வோம். அவர்களுடைய கேள்வியை முதலில் எழுதிக்கொள்ளும்படி அவரை வேண்டுவோம்.